பதினொரு ஓட்டு

நகராட்சித் தேர்தலில் எதிர்த்து நின்ற செலஸ்டின் வீட்டுப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது.

படுக்கையில் கிடந்த தாவூத் ராவுத்தருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தம்பி அயூப் மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னான். செலஸ்டினின் சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்ததாம். ராவுத்தரின் பச்சைப் பெட்டியில் மொத்தமே பதினொரு ஓட்டு.

பதினொன்று! குன்னூர் கடைவீதியில் அவருடைய சொந்தக்காரர்களே அதைவிட அதிகம்.

கீழ்க்கடைவீதிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவராமல் விடமாட்டேன், நகராட்சியில் துரைமார் முன்னாலேயே மேசையைக் குத்திக் கேட்பேன் என்று தெருத்தெருவாக முழங்கியவர் அவர். முழங்கியதெல்லாம் ஆடி மழையில். சளி நெஞ்சில் இறங்கி, ஆள் பிழைப்பதே சந்தேகம் என்றாகிவிட்டது.

எப்படியோ பிழைத்தார். ஆனால் எழுந்திருக்கவும் கூடாது, பார்க்க ஆள் வரவும் கூடாது என்று டாக்டர் மோசஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஊர் பார்க்காத அதிசயம் நடந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தனியாகப் போகாத அவர் மனைவி பாத்திமுத்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் ஓட்டு; அநேகமாக எல்லோரும் ஆண்கள். அடுப்படியில் பெண்கள் காதில் போட்டுவிட்டு வந்தால், விளக்கு வைப்பதற்குள் அது ஆண்கள் காதுக்குப் போய்விடும்.

திரும்பி வந்து, எல்லோரும் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சரி சொல்லிவிட்டார்கள் என்பாள். படுத்த படுக்கையிலும் ராவுத்தருக்குத் தோள் நிமிரும்.

இப்போது பார்த்தால், பதினொன்று.

"ஊரே கழுத்தறுத்துருச்சுங்கண்ணே," அயூப் கட்டிலோரம் உட்கார்ந்து விம்மினான். "அல்லா சாட்சியா நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

ராவுத்தருக்குக் கண் நிறைந்தது. உடன்பிறப்பு உடன்பிறப்புதான். தம்பியின் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். பிள்ளையில்லாத தனக்குப் பிறகு உருளைக்கிழங்கு மண்டி இவனுக்குத்தான் போகப்போகிறது என்று நினைத்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

பாத்திமுத்து கஞ்சியோடு உள்ளே வந்தாள். முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்னத்தச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்ட?"

அவள் நிதானமாகக் கஞ்சியை ஆற்றினாள்.

"டாக்டரு வாசல்ல வெச்சு எங்கிட்டச் சொன்னதத்தானுங்க சொன்னேன். இவரு இனி ஒருக்கா மேசையக் குத்திக் கத்துனா நெஞ்சு தாங்காது, அங்கயே முடிஞ்சுருமுன்னு. இவரு உசுரோட இருக்கோணும்னு நெனைக்கறவங்க செகப்புப் பொட்டியில போடுங்கன்னேன்."



ராவுத்தர் திட்டத்தான் வாயெடுத்தார். வரவில்லை. நிரம்பி வழிந்ததாமே அந்தச் சிவப்புப் பெட்டி. அடேயப்பா, இத்தனை பேருக்கா தன்மேல் இத்தனை பிரியம்! கடன் கேட்டு வந்தபோது இவர் விரட்டியடித்த ஆறுக்குட்டிகூட அதில்தான் போட்டிருப்பான். அவருக்குச் சிரிப்பு வந்தது. நகராட்சி நாற்காலி கிடைத்திருந்தால்கூட மனம் இவ்வளவு குளிர்ந்திருக்காது.

பிறகுதான் அந்தப் பதினொன்று உறைத்தது.

"எல்லா ஊட்டுக்கும் போனியா?"

"ஒண்ணு விடலீங்க." கிண்ணத்தை நீட்டினாள். "மொதல்ல போனதே நம்ம அயூப் தம்பி ஊட்டுக்குத்தானுங்க."

விம்மல் சட்டென்று நின்றது.