பழைய புரோகிராமே போதும்

“புது புரோகிராம் உடனே வாங்கோணுமுங்க” என்றான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சண்முகவேல்.

முதலாளி மருதாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் கோயமுத்தூர் கம்பெனி ஆள் இதே புது புரோகிராமைக் கொண்டுவந்து காட்டியபோது, “அவசியமில்லீங்க, பழசே போதும்” என்று திருப்பி அனுப்பியவனே இவன்தான்.

“இப்ப மட்டும் என்னப்பா அவசியம் வந்துச்சு?”

“பழசு தப்பாக் கணக்குப் போட்டிருச்சுங்க. தீவனத்துல உப்பு சாஸ்தியாயிருச்சு.”

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வைத்த கோழித் தீவன மில் என்று மருதாசலத்துக்கு அந்த எண்பத்தெட்டில் ஏகப்பட்ட பெருமை. செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. மக்காச்சோளம் எத்தனை கிலோ, கருவாட்டுத் தூள் எத்தனை, உப்பு எத்தனை என்று கம்ப்யூட்டர் தினமும் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்துத்தான் தீவனம் கலப்பார்கள்.

போன வாரம் அவருடைய பண்ணையில் முந்நூறு கோழிகள் தண்ணீராகக் கழிந்து செத்துப்போயின. உப்பு மிகுதி என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

“அன்னிக்கே மாத்தியிருந்தா முந்நூறு உசுரு பொழச்சிருக்கும். வேண்டாம்னது ஆரு?”

“நான்தானுங்க. தப்பு என்னோடதுதானுங்க.”

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

சண்முகவேல் தலையைக் குனிந்துகொண்டான். “சரிங்க. புது புரோகிராம் மட்டும் மறக்காம வாங்கிப்போடுங்க.”

அவன் போனதும் மேனேஜர் மணியன் உதட்டைப் பிதுக்கினார். “வேலை போனாலும் கமிஷனை உடமாட்டீங்கறான் பாருங்க.”

மில்லில் எல்லாரும் அதையேதான் பேசிக்கொண்டார்கள். ஒருவர் கீழே விழுந்தால் காரணம் சொல்ல ஊருக்கு நேரமா ஆகும்?

சாயங்காலம், தப்பான சீட்டுகளைக் கிழித்துப் போட மணியன் கலவைக் கொட்டகைக்குப் போனார். ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் உப்பு 3 கிலோ. சரியான அளவுதான்.

தீவனம் கலக்கும் சின்னண்ணனைக் கூப்பிட்டார். இருபது வருடமாக அங்கே வேலை செய்கிறவர்.

“ஏனுங்க, உப்பு எத்தனை கிலோ போட்டீங்க?”

சின்னண்ணன் சீட்டை வாங்கி மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தார். “எட்டுங்க. சீட்டுல இருக்கறதைத்தானுங்களே போடறேன்.”

சண்முகவேல் அப்போதே ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்றார்கள். மணியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தார்.

சண்முகவேல் சேலம் பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நின்றிருந்தான்.

“புரோகிராம் சரியாத்தானே கணக்குப் போட்டிருக்குது. ஏப்பா பொய் சொன்னே?”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“கை நடுங்குதுன்னு போன வருசம் நம்ம மில்லுல இருந்த பெரியசாமியை ஊட்டுக்கு அனுப்பிச்சாங்க. ஆறு மாசத்துல ஆளே போயிட்டாருங்க. கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சா சின்னண்ணனையும் அனுப்பிருவாங்க. எனக்கு எங்கியாச்சும் வேலை கெடைக்குமுங்க.”

கமிஷன் என்று சொன்ன வாயை நினைத்து மணியனுக்குக் கூசியது.

“அப்ப எதுக்குப்பா புது புரோகிராம்? அவசியமே இல்லியே.”

பஸ் வந்துவிட்டது. சண்முகவேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

“அதுல எழுத்து பெருசு பெருசா அடிக்குமுங்க. வேற ஒரு வித்தியாசமும் இல்லை. இதுக்குப் போயி எதுக்குன்னுதான் அன்னிக்கு வேண்டாம்னுட்டேன்.”