புனிதர் தூக்கிய கைகள்

"சான் ஹெர்வாசியோவின் பெருங்குடி மக்களே! இன்று சரித்திரம் நம் ஊர்ச் சபையின் வாசலில் வந்து காத்து நிற்கிறது!"

அறிவித்தவர் தலைவர் கிரிசோஃபரோ. வாசலில் நின்றதென்னவோ பாட்டில் தண்ணீர் கம்பெனியின் ஜீப். மலை ஊற்றைக் குத்தகைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தது.

ஊற்றைக் கொடுக்கும் தீர்மானக் காகிதம் காரியதரிசி ஒத்திலியாவின் கையில் இருந்தது. அதைப் படித்து ஓட்டுக் கேட்க வேண்டியவள் அவள்தான். ஊற்று போனால் அவளுடைய மக்காச்சோளம் மட்டுமா, ஊரே காயும்.

சான் ஹெர்வாசியோவில் பெட்டி, சீட்டு எல்லாம் கிடையாது. சபையில் தூக்கிய கைதான் ஓட்டு. பாதிப் பேருக்கு மேல் கை எழுந்துவிட்டால் காவல்காரர் மணியை அடிப்பார். மணி அடித்தால் முடிந்தது, மறுபேச்சு இல்லை.

"கொமாத்ரே, நீகூடவா அந்த ஆளுக்குத் துணை?" முன்வரிசையிலிருந்து நிக்கோலசா சீறினாள். "ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நின்னு என் பிள்ளையை ஏந்தின கையாலயா இந்தக் காகிதத்தைப் பிடிச்சிருக்கே?"

முந்தைய நாள் அலுவலகத்தில் நடந்தது நிக்கோலசாவுக்குத் தெரியாது.

"வாசப்படியில நில்லு," என்று ஒத்திலியாவிடம் சொல்லியிருந்தார் தலைவர். "ரெண்டு புறங்கையாலயும் நிலையை அழுத்து. இன்னும் பலமா. விடாதே... சரி, இப்போ வெளியே வா."

வந்தாள். அவளைக் கேட்காமலே இரண்டு கைகளும் சிறகு மாதிரி மேலே மிதந்தன. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பார்த்தியா! டாக்டருக்குப் படிக்கிற என் மச்சான் மகன் காட்டிக் குடுத்தான். அவனுக்கு அது விளையாட்டு, எனக்கு ராஜதந்திரம். பாதி ஊரை மெஸ்கால் சாராயம் ஊத்தி வாங்கியாச்சு. மீதியை அவங்க கையே பார்த்துக்கும்."

"கை தூக்கினாலும் மனசு வேண்டாம்னுதானே சொல்லும், தலைவரே?"

"கை எழுந்துட்டா மனசு வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னால வரும். நீ நான் எழுதினதைப் படி. இல்லேன்னா உன் வயலுக்குத் தண்ணி முறை எப்போ வரும்னு நம்ம காவல் புனிதருக்கே தெரியாது."

இப்போது மேடையில் தலைவர் குரலை உயர்த்தினார். "ஓட்டுக்கு முன் பிரார்த்தனை! ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கு ஒரு கையைத் தொங்கவிட்டு, புறங்கையோடு புறங்கை வைத்து அழுத்துங்கள்! நான் சொல்லும்போது விலகுங்கள். நம் காவல் புனிதரே வந்து உங்கள் கையைத் தூக்குவார். அவர் தூக்குவதைத் தடுப்பது மகா பாவம்!"

வழிகாட்ட வேண்டியவர் அல்லவா? மேடையின் இரண்டு தூண்களுக்கு நடுவே போய் நின்று, கண்ணை மூடி, வயிறு குலுங்க இரண்டு புறங்கைகளாலும் தூண்களை அழுத்தினார்.

"டேய் ரொசெந்தோ, ஆளைத் தள்ளாதடா! இது ஜெபம், கழுதைச் சந்தை இல்ல!"

"நீ சாய்ஞ்சா நான் என்ன பண்றது? வாயை மூடிக்கிட்டு அழுத்து!"

முகங்கள் சிவந்தன. நெற்றிகள் வேர்த்தன. ஜீப்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"விலகுங்கள்!" என்று முழங்கினார் தலைவர். "காரியதரிசி, படி!"

ஒத்திலியா காகிதத்தைப் பிரித்தாள். முன்வரிசையில் நிக்கோலசா, தன் கையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அது மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது.

"ஐயோ, என் கை! கொமாத்ரே, படிக்காதே... உன்னைக் கும்பிடறேன், படிக்காதே!"

ஒத்திலியா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"ஊற்றைக் கொடுக்கக் கூடாது என்கிறவர்கள் கை தூக்கலாம்!"

சபை முழுக்கக் கைகள் மிதந்தன. மெஸ்கால் குடித்த பின்வரிசையில்கூட ஒன்று பாக்கியில்லை. புனிதர் தூக்கியதை இறக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? காவல்காரர் மணியை அடித்தார்.

அன்றைய தீர்மானம் தோற்றது. எதிர்த்து எல்லோரும் ஆளுக்கு ஒரு கை தூக்கினார்கள், தலைவர் மட்டும் இரண்டு.