போன கையோடு

"விடிஞ்சதுலேர்ந்து அந்த வெளக்குமாத்தையே கட்டிக்கிட்டு அழுவுற. ஒனக்கு வேற வேலையே இல்லியா?"

கலைச்செல்வன் காலால் எற்றியதில் ஈர்க்குகள் நாலா பக்கமும் சிதறின. வெற்றிச்செல்வி குனிந்தாள். புருஷன் நேற்று அவளை அடித்தே கட்டு அவிழ்ந்துபோன விளக்குமாறு அது. வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான்.

மறுபடி பொறுக்கினாள். தேய்ந்து கட்டையானதைக் கழித்தாள். மீதியை ஒன்றுசேர்த்து, அடியைத் தரையில் தட்டிச் சமமாக்கி, பழைய சைக்கிள் டியூபால் சுற்றினாள். வீங்கிய மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

"என்ன, திருப்பி அடிக்கப் போறியா?" என்று சிரித்தான்.

"கூட்டறதுக்குத்தாங்க."

நேற்று தடுக்கப்போய் உதடு கிழிந்த மாமியார் ஆண்டாயி, அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டான். "திருப்பூர் போயிட்டுப் பொங்கலுக்கு வரேன். வந்ததும் ரெண்டு பேருக்கும் இருக்கு."

அரியலூர் பஸ் பிடிக்கப் போனவன் தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டான். வெற்றிச்செல்வி நடுவீட்டிலிருந்து வாசலைப் பார்த்து விறுவிறுவென்று கூட்ட ஆரம்பித்தாள்.

ஆண்டாயி பதறிப்போய் ஓடிவந்தாள். "ஏ வெற்றி, ஊருக்குப் போறவன் போன கையோட வூட்டக் கூட்டுனா, அவன் திரும்பி வரமாட்டான்டி."

"அது தெரிஞ்சுதான் அத்தை இதக் கட்டுனேன்."

ஆண்டாயி கிழிந்த உதட்டைத் தடவினாள். மகன் போன தெருவை ஒரு தரம் பார்த்தாள்.

"அந்த மூலையில குப்பை கெடக்குது பாரு," என்றாள். "அதையும் சேத்துத் தள்ளு."