கேட்டுக்கு வெளியே

“உங்க பொண்ணு வரமாட்டேங்குதுங்க” என்றார் ஹாஸ்டல் வார்டன் சாராள் டீச்சர்.

பாலுசாமிக்குச் சட்டென்று புரியவில்லை.

“உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களப் பாக்க இஷ்டமில்லையாம். ஃபர்ஸ்ட் ரேங்க்கு வந்தா இப்படித்தானுங்க. தலைக்கு ஏறிக்குது.”

பாலுசாமியின் மனைவி தெய்வாத்தாள் டிபன் கேரியரை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

“அரிசிம்பருப்புச் சாதம் கொண்டாங்கன்னு எழுதியிருந்தாளே. இப்பப் பெத்தவங்க மூஞ்சியே வேண்டாமாமா?”

பீளமேட்டுக்கு அப்பால் இருந்த அந்தப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். அதிலும், மாதத் தேர்வில் எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும். மற்றவர்கள் கேட்டோடு திரும்பிவிட வேண்டும்.

காலையில்கூட அப்படித்தான் ஆயிற்று. வெள்ளகோவிலில் இருந்து இவர்கள் வந்த பஸ்ஸில், காங்கேயத்தில் ஏறியவள், மகளோடு படிக்கும் ஜாஹிதாவின் அம்மா. கேட்டில் வாட்ச்மேன் அவளை நிறுத்திவிட்டார். அவள் கையில் தின்பண்டம் அடைத்து மூடிய ஒரு சம்படம்.

“அண்ணா, இதை மட்டும் உங்க பொண்ணுகிட்டச் சொல்லி எம்புள்ளைக்குச் சேத்துட முடியுங்களா?”

“ரூல்ஸுன்னா ரூல்ஸுங்கம்மா. அடுத்த மாசம் நல்லாப் படிக்கச் சொல்லுங்க” என்றார் பாலுசாமி.

அவள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நானே போயி இழுத்துட்டு வாரேன். என்ன திமிரு!”

“இருங்க” என்றார் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர். “எம்பொண்ணும் வரலைங்களே.”

அப்போதுதான் பாலுசாமி கவனித்தார். கூடம் நிறையப் பெற்றவர்கள். பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை.

தாளாளர் சுந்தரராஜுலு விரைந்து வந்தார். எல்லோருமாக மாடி ஏறினார்கள். நன்றாகப் படிக்கும் பெண்கள் அத்தனை பேரும் படிப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். பாலுசாமியின் மகள் சண்முகப்பிரியா எழுந்து நின்றாள்.

“என்ன கண்ணு இது? ஸ்ட்ரைக்கா?” என்றார் தாளாளர்.

“இல்லீங்க சார். ரூல்ஸை மாத்தச் சொல்லிப் பல தடவ கேட்டுட்டோம். ‘மார்க்கு வாங்காதவங்களுக்கு நீங்க என்ன வக்கீலா’ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அதான், எல்லாரும் அவங்கவங்க அம்மாவப் பாக்கற வரைக்கும் நாங்களும் பாக்கறதில்லைன்னு பேசி முடிவு பண்ணுனோம்.”

“ஒரு மாசம் பாக்கலைன்னா என்ன ஆயிரும்?”

“இந்த ஜன்னல்ல நின்னு பாருங்க சார். கேட்டுல நிக்கற அம்மா தெரியும். சம்படத்தோட திரும்பிப் போறதும் தெரியும். ஒருத்தி மாசா மாசம் அதைப் பாத்துட்டு நிக்கறா. இப்பச் சரியாச் சாப்பிடறதில்ல. ‘நான் இல்லாட்டி எங்கம்மாவுக்கு இந்த அலைச்சல் மிச்சம்’ங்கறா.” சண்முகப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்குப் பயமா இருக்குங்க சார். அவளத் தனியா விடாம நாங்க மாத்தி மாத்திப் பக்கத்துல படுத்துக்கறோம்.”

தாளாளர் அங்கிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

“யாரு அது? பேரச் சொல்லு. அந்தப் புள்ளைய மட்டும் பாக்க விடறேன்.”

“அவகிட்டப் பேச ஒரு டீச்சர் வேணும் சார். மார்க்கப் பத்திப் பேசாத டீச்சர். சாராள் டீச்சர்கிட்டத் தனியாப் பேரச் சொல்றேன். ஆனா கேட்டு எல்லாருக்கும் தொறக்கோணும்.”

தாளாளருக்கு முகம் சிவந்தது. “இந்த ரூல்ஸு நாங்க போட்டதில்ல. பெத்தவங்க கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு, ‘ஆத்தா அப்பனப் பாக்கோணும்னா மார்க்கு வாங்கட்டும்’னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவரு பேரு வேணும்னாச் சொல்றேன்.”

“வேண்டாமுங்க சார்” என்று அவசரமாகக் குறுக்கிட்டாள் சண்முகப்பிரியா. “எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலுசாமி தரையைப் பார்த்தார். அன்று எதற்காக எழுந்து பேசினோம்? மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்றா? அவள் படிப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றா?

“சரி, அடுத்த கூட்டத்துல பேசலாம்” என்றார் தாளாளர்.

“எங்களையும் கூப்பிடுங்க சார். எங்களப் பத்தின பேச்சுதானுங்களே.”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாங்க. ஆனா இன்னைக்கு ரூல்ஸு ரூல்ஸுதான்.”

பாலுசாமி மனைவியிடமிருந்து கேரியரை வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.

“ஏனுங்க, எங்க போறீங்க?” என்று பின்னாலேயே ஓடிவந்தாள் தெய்வாத்தாள்.

“வெளிய. உள்ள நமக்கென்ன வேலை?”

கேட்டுக்கு வெளியே, புளியமர நிழலில் ஜாஹிதாவின் அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பாலுசாமி அவளருகே போய் நின்று மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் இரண்டு பெண்கள். சண்முகப்பிரியா பக்கத்தில் நின்றவளின் கையையும் சேர்த்துப் பிடித்து ஆட்டினாள்.

ஜாஹிதாவின் அம்மா சம்படத்தை உயர்த்திக் காட்டினாள்.

“அம்மணி” என்றார் பாலுசாமி. “இந்த ரூல்ஸைக் கொண்டுவரச் சொன்னதே நாந்தானுங்க.”

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியுமுங்கண்ணா. அன்னைக்கு உங்களுக்குப் பின்னாடி உக்காந்து, கை வலிக்க வலிக்கத் தட்டுனது நான்தான். அப்ப எம்புள்ள செகண்ட் ரேங்க்கு.”