பெயர் சொல்ல விரும்பாதவர்

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்று தலைவர் கேட்டார்.

முந்தைய ஏழு தடவையும் இதே அறையில் இதே கேள்வியைத்தான் கேட்டார். இது எட்டாவது.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தவரை வழக்கே போடாமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வைத்திருக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்க வேண்டும். அது மட்டும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மறுஆய்வுக் குழுவின் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, அன்றைக்கு நல்ல சளி. இந்தப் பக்கம் கைவிலங்கோடு தம்பி, அவனை ஒட்டி ஒரு காவலர். நான்கு நாற்காலி தள்ளி, கண்டக்டர் சீருடையில் அண்ணன்.

அம்மா மூன்றாவது தடவையோடு வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

அண்ணன் எழுந்தான். மனப்பாடமாகிவிட்டதைச் சொன்னான். தம்பி வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். கட்டிலுக்கு அடியில் பையில் இருந்தது எல்லாம் பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய டைமர்கள். துணி துவைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு எதுவும் தெரியாது.

காவலருக்குக்கூட இது தெரியும். வரும் வழியில் வேனில் தன் வீட்டு மெஷின் சுற்றவில்லை என்று அவர் புலம்ப, பெல்ட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தான் தம்பி.

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “டைமர் மட்டும்னா நாங்களே விட்டிருப்போம். தகவல் குடுத்தவர் இன்னும் நிறைய சொல்லியிருக்காரு. அத உங்களுக்குக் காட்ட முடியாது. அவரோட பாதுகாப்பையும் பாக்கணும் இல்லையா?”

கோப்பில் அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வெளியே சொல்லக்கூடியது. நம்பகமானவர், பெயர் சொல்ல விரும்பாதவர்.

“நானும் ஒண்ணும் நிம்மதியா இல்லைங்க,” என்றார் தலைவர். குரலில் அதட்டல் இல்லை, அலுப்புதான். “விட்டுட்டு, நாளைக்கு எங்கேயாவது ஒண்ணு வெடிச்சா? தும்ப விட்டு வாலைப் பிடிச்ச கதையாயிடும்.”



தம்பியைப் பிடித்த வருஷம் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது பத்தொன்பது பேர் செத்தார்கள். அதில் ஒருவர் அவனுடைய டிரைவர். ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். டைம் கீப்பர் அறையில் கையெழுத்துப் போட அண்ணன் இறங்கிப் போன இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு சீட்டில் தனியாகக் கிடக்கும் எந்தப் பையைப் பார்த்தாலும் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிடுவான். ஊரே அந்தப் பயத்தில்தான் இருந்தது. சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொல்லி ஒவ்வொரு பேருந்திலும் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தார்கள்.

“டைமரத் தவிர அவர் வேற எதுவும் சொல்லலீங்க,” என்றான் அண்ணன்.

தலைவரின் பேனா நின்றது. “யாரு?”

இடப்பக்கம் இருந்த உறுப்பினர் அன்று காலையிலிருந்து முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“அவர உங்களுக்குத் தெரியுமா?” தலைவர் முன்னால் சாய்ந்தார். “யோசிச்சு சொல்லுங்க. தகவல் தப்புன்னா, குடுத்தவரையும் இதே சட்டத்துலதான் உள்ள வைக்கணும்.”

அண்ணன் வாயைத் திறந்தான்.

“ராத்திரி டூட்டி முடிச்சிட்டு நேரா வந்திருக்காருங்க,” என்றான் தம்பி. “தூக்கக் கலக்கத்துல என்னமோ உளர்றாரு. விடுங்க சார்.”

நான்கு வருஷத்தில் அந்த அறையில், யாரும் கேட்காமல் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய கோப்புகள் இன்னும் ஐந்து இருந்தன. குனிந்து எழுதினார்.

ஆறு மாதம்.

வெளியே வராந்தாவில் காவலர் வழக்கம்போல இரண்டு நிமிஷம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“எனக்கு மொத நாளே தெரியும்ண்ணா,” என்றான் தம்பி, மெதுவாக. “விசாரணைல பதினொரு டைமர் எதுக்குன்னு கேட்டாங்க. எத்தனை இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. எதைப் பாத்தாலும் எண்றது உன் கண்டக்டர் புத்தி.”

அண்ணனால் நிமிர முடியவில்லை. “அந்த பஸ் நம்பருக்கு ஒரே ஒரு தடவதான்டா பேசினேன். ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவோம்னாங்க. பயந்துட்டேன்டா.”

“இனிமே அங்க வாயத் தொறக்காத. நீயும் உள்ள வந்துட்டா அம்மாவ யாரு பாத்துக்கிறது?”

காவலர் தொண்டையைச் செருமினார். அவரும் தம்பியும் படியிறங்கிப் போகும் சத்தம் இரண்டாவது மாடி வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணனுக்கு மறுபடி டூட்டி. நகர மனம் வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எட்டுத் தடவை வந்திருக்கிறான். எட்டுத் தடவையும் உள்ளே நுழையக் கால் வராமல் அந்த அறை வாசலில் நின்றிருக்கிறான். ஒவ்வொரு தடவையும், அவனைப் பார்த்ததும், தம்பிதான் முதலில் சிரித்தான்.