ராகு காலச் சார்ஜ்

கிட்ட வந்து உட்காருங்க, என் செல்லங்களா. இன்னும் வராத ஒரு வெள்ளிக்கிழமையின் கதை இருக்கிறது, சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மின்சாரக் கார் வாங்கினால் பாதி விலையை அரசாங்கமே தரும். ராகு காலத்தில் சார்ஜும் இலவசம். அந்த நேரத்தில் யாரும் எங்கும் கிளம்புவதில்லையே, அதனால். ஒரே நிபந்தனை, நடுவில் ஒயரைப் பிடுங்கினால் வாங்கிய சலுகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

பொள்ளாச்சியில் திலகவதி வீட்டுக் கார் சார்ஜில் நின்றபோது போன் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். மகள் முகத்தைப் பார்க்கணும் என்கிறாராம்.

திலகவதி வாசலுக்கும் காருக்குமாக அலைந்தாள். வாடகைக் கார்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஊரிலுள்ள அத்தனையும் சார்ஜில் நின்றன.

"ஏனுங்க, பிடுங்கிரலாமுங்க."

"ஒரு மணி நேரம் பொறு புள்ள. பிடுங்கினா இந்த வீட்டை வித்துத்தான் கட்டோணும்" என்றான் கணவன் குழந்தைவேலு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து மாமியார் ரங்கம்மாள் வந்தாள். ராகு காலத்தில் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காத மனுஷி. இனி எங்கே விடப்போகிறாள் என்று திலகவதி காரை விட்டு ஒதுங்கி நின்றாள்.

ரங்கம்மாள் இரண்டு கையாலும் ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ஏறு கண்ணு. டேய், வண்டிய எடுடா. வீடு போனா வாடகைக்கு ஒண்ணு கெடைக்கும். அவளுக்கு அப்பன வாடகைக்கு யாரு தருவா?"

உங்கள் வீட்டிலும் அப்படியொரு கை எப்போதும் இருக்கட்டும், கண்ணுகளா. நீங்கள் கிளம்புகிற நேரமெல்லாம் நல்ல நேரமாக அமையட்டும்.