போசியோ எந்தப் பக்கம்?

"ஜனங்களை உறிஞ்சிக் கொழுத்தவன் இவன். தீர்ப்பு எழுதியாச்சு. விசாரணை மட்டும்தான் பாக்கி."

தலைக்கு மேலே ஒரு கரகரத்த குரல் சொன்னது. எர்மெத்தே போசியோ நாற்காலியில் கட்டப்பட்டு, தலையில் கழுத்துவரை துணிப்பை மாட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். தூரின் நகரத்து பேரிங் தொழிற்சாலையில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவரைத் தேவாலய வாசலிலேயே வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாவு பயம் இருந்தது. அதைவிடப் பெரிய குழப்பம், யார் கையால் சாகப்போகிறோம் என்பதுதான்.

அந்த எழுபதுகளில் இத்தாலியில் அதற்கு இரண்டு கடைகள் திறந்திருந்தன. இடதுசாரிகள் என்றால் முழங்காலில் சுடுவார்கள். வலதுசாரிகள் என்றால் கூட்டம் நிறைந்த திடலில் குண்டு வைப்பார்கள். இரு தரப்புமே மக்களின் நன்மைக்காகத்தான் செய்தன.

எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். அது குடும்ப வழக்கம். துணிக்கடை வைத்திருந்த அப்பா, போர்க்காலத்தில் பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்தால் வலது கையை விறைப்பாக நீட்டுவார்; அவர்களை எதிர்த்தவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தால் அதே கையை முஷ்டியாக்கி உயர்த்துவார். கடைசியில் சொந்தக் கட்டிலில் நிம்மதியாகச் செத்தார்.

போசியோ காதைத் தீட்டிக்கொண்டார்.

"எழுதிக்கோப்பா," என்றது கரகரக் குரல். தட்டச்சு இயந்திரம் சடசடத்தது. "நாடாளுமன்றம் ஒரு பன்னிப்பட்டி."

இதை இரண்டு பக்கத்தாருமே சொல்வார்கள்.

"பேங்க் முதலாளிங்க நம்ம ரத்தத்தைக் குடிக்கிறாங்க. பத்திரிகைக்காரன் அத்தனை பேரும் புளுகன். ரத்தம் சிந்தாம விடிவு இல்லை."

இதையும்தான். போசியோவுக்கு அழுகை முட்டியது. கொள்கை விளக்கம் என்றால் கொஞ்சமாவது விளக்க வேண்டாமா?

தூண்டில் போட்டுப் பார்த்தார். "நாடு போற போக்கே சரியில்லைங்க..."

"ரொம்பச் சரி."

"இதுக்கெல்லாம் யாருங்க காரணம்?"

"நீதான்."

"அப்போ நீங்க யாருங்க?"

"நாளைக்குப் பேப்பர்ல வரும். வாயை மூடு."

பையின் அடியில் விரலளவு இடைவெளி. அதன் வழியே இரண்டு ஜோடிக் கறுப்புக் காலணிகள் தெரிந்தன. ஒரே அச்சு, முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. இடதுசாரிப் பையன்களுக்கும் பாலிஷுக்கும் ஏது ஒட்டு உறவு? வலதுதான்! அப்பாவைப் போல மனதுக்குள் கையை நீட்டி ஒத்திகை பார்த்தார்.

தட்டச்சு நின்றது.

"அண்ணே, இதோட எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு! மாமியார் வீட்டுல லசான்யா பண்ணி வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்காங்க. மாத்து லீவு என்னாச்சு?"

"கேட்டிருக்கேன்பா. வரும்."

"ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னீங்க."

பைக்குள் போசியோவின் முகம் மலர்ந்தது. தொழிற்சங்கக்காரர்கள் காலமெல்லாம் அவர் மேசையைத் தட்டிக் கேட்டது இதே குரலில்தான். லீவு கேட்கிறவன் இடதுசாரி. வலதுசாரியோ தாய்நாட்டுக்காக ஞாயிற்றுக்கிழமையும் குண்டு வைப்பான்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்றது கரகரக் குரல்.

"சொல்லணும் தோழர்களே!"

போசியோ மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கப்பா மலையில துப்பாக்கி தூக்கினவர். நான் உட்கார்ந்திருக்கிறது முதலாளி போட்ட நாற்காலி, ஒத்துக்கறேன். ஆனா மனசு பட்டறையிலதான் கிடக்கு! ஒவ்வொருத்தனை வீட்டுக்கு அனுப்புறப்பவும் எனக்குச் சோறு தொண்டையில இறங்கினது இல்லை. என்னைச் சுட்டா சாகப்போறது முதலாளி இல்லை, தோழர்களே. ஒரு தொழிலாளி!"

சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கண்ணீர் நிஜமாகவே வழிந்து துணியை நனைத்தது.

"நல்லாப் பேசறாருல்ல அண்ணே?" என்றான் தட்டச்சுக்காரன்.

கரகரக் குரல் பதில் சொல்வதற்குள் தொலைபேசி மணி அடித்தது.

"வணக்கம் ஐயா... ஆமாங்க ஐயா... ஒரு கீறல்கூட இல்லைங்க ஐயா... அப்படியே செஞ்சுடறேங்க ஐயா."

தலைமைக்கு என்ன மரியாதை, என்ன கட்டுப்பாடு! போசியோவுக்கு உண்மையிலேயே இயக்கத்தின் மேல் ஒரு பிடிப்பு ஏற்பட்டது.

"உங்களை விட்டுடச் சொல்லிட்டாங்க, போசியோ. சாயங்காலம் ஆத்தங்கரையில இறக்கி விடறோம்."

'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டதே! கொள்கைக்கு இருக்கும் மகிமையே மகிமை. கட்டிய கையிலேயே முஷ்டியை முறுக்கி, "புரட்சி ஓங்குக!" என்று முழங்கினார் போசியோ.

யாரும் கூடச் சேர்ந்து முழங்கவில்லை. இயந்திரத்தில் தாளை மேலே திருகும் சத்தம்தான் கேட்டது.

"முழுசா மறுபடி அடிக்காதப்பா. கீழே இடதுசாரின்னு இருக்கிறதை மட்டும் வலதுசாரின்னு மாத்திடு. மந்திரிக்கு இந்த மாசம் குத்தவாளியா அவங்கதான் வேணுமாம்."